கத்தரித்த அல்பாகா ரோமத்தை என்ன செய்வது?

ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்கான அல்பாகாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரோமம் கத்தரித்து முடிந்ததும், விலங்கு இலேசான உடலோடு மேய்ச்சலுக்குத் திரும்பிவிடுகிறது. பை பையாக ரோமம் நம்மிடம் தங்கிவிடுகிறது. வளர்ப்போரில் பலர் அந்தப் பைகளை ஒரு மூலையில் அடுக்கிவைத்து, ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டின் பைகள் அவற்றின்மேல் ஏறுகின்றன. மூன்றாம் ஆண்டில் திறந்து பார்த்தால், அந்துப்பூச்சி அரித்த தூளும் வைக்கோலும்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒரு விலங்கு ஓராண்டு முழுதும் வளர்த்துத் தந்த 2 முதல் 4 கிலோ வரையிலான இழை இப்படி வீணாவதைக் காணப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். கழுவுவதையும் நூற்பதையும் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். தரம் பிரிப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நல்ல இழையும் முரட்டு இழையும் ஒரே பையில் கலந்துவிட்டால், பிறகு எத்தனை முறை கழுவினாலும் அவை பிரியப்போவதில்லை.

செம்மறியாட்டுக் கம்பளியைக் கையாண்டு பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஆட்டுக் கம்பளியில் லனோலின் என்னும் கொழுப்பு நிறைய இருக்கும். அந்தப் பிசுக்குதான் கத்தரித்த கம்பளியை ஒரே விரிப்பாகப் பிடித்துவைக்கிறது. அல்பாகா ரோமத்தில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே அதைக் கழுவுவது எளிது. ஆனால் கத்தரித்த மறுகணமே அது கற்றை கற்றையாக உதிர்ந்து கலைந்துவிடும். அல்பாகாக்கள் புழுதியில் புரள்வதை மிகவும் விரும்புபவை என்பதால், பிசுக்கு இல்லாத குறையை மண் ஈடுசெய்துவிடும். அல்பாகா ரோமத்தில் நாம் நீக்கவேண்டிய அழுக்கு பெரும்பாலும் இந்த மண்ணும் வைக்கோல் துணுக்குகளும்தான்.

கத்தரிக்கும் இடத்திலேயே மூன்று பங்கு

கத்தரிக்கும் நாளில் விலங்கின் ரோமம் ஈரமாக இருக்கக் கூடாது. பனியிலோ மழையிலோ நனைந்த ரோமத்தைக் கத்தரித்துப் பையில் அடைத்தால் சில நாட்களிலேயே அது புழுங்கி நாற்றமெடுக்கும், இழை மஞ்சளாகும், பூஞ்சணமும் பிடிக்கும். கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் தோலை ஒட்டிய பகுதியை விலக்கிப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். பல நிற விலங்குகள் இருந்தால் வெள்ளையில் தொடங்கி, வெளிர் நிறங்களைக் கடந்து, கறுப்பில் முடிப்பது நல்லது. வெள்ளை ரோமத்தில் சிக்கிய நான்கு கறுப்பு இழைகள் நூற்ற பின்னும் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு விலங்குக்குப் பின்னும் தரைவிரிப்பைப் பெருக்கிவிடுவதற்கும் இதுவே காரணம்.

ரோமத்தை உடலின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதைக் கொண்டு மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். முதுகும் இரு விலாப்புறங்களும் சேர்ந்து, குதிரைமேல் சேணம் விரித்தாற்போல் அமைந்த பரப்பு முதல் தரம். நீளமும் மென்மையும் சீராக அமைந்த இழை அங்குதான் கிடைக்கும். கழுத்து ரோமம் பெரும்பாலும் மென்மையாகவே இருந்தாலும் நீளத்தில் குறைந்ததாக இருக்கும். அதையும் தொடையின் மேற்பகுதியையும் இரண்டாம் தரமாகக் கொள்ளலாம். நெஞ்சு, வயிறு, கால்கள், வால் ஆகியவற்றிலிருந்து வருவது மூன்றாம் தரம். அதில் நேரான, தடித்த முரட்டு மயிர்கள் மிகுந்திருக்கும்.

முதுகுப் பகுதியைக் கலைக்காமல் எடுக்க ஒரு வழி உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ பழைய படுக்கை விரிப்பையோ அருகில் விரித்து, கத்தரிப்பவர் உரித்துத் தரும் ரோமத்தை வெட்டுமுகம் கீழே இருக்குமாறு அதன்மேல் பரப்பி, தாளோடு சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிவிட வேண்டும். பின்னர் மேசையில் வைத்து விரித்தால் முதுகு முதுகாகவும் விலா விலாவாகவும் அப்படியே கிடக்கும். எந்தப் பக்கம் முரட்டு ஓரம் என்று தேட வேண்டியிருக்காது. ஒவ்வொரு சுருளிலும் விலங்கின் பெயர், வயது, தேதி, நிறம், எடை ஆகியவற்றை எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பி எழுதாமல் விட்ட சுருள்களை இரண்டு மாதம் கழித்து அடையாளம் காண முடிவதில்லை.

மேசையில் ஓரம் கழித்தல்

என் பார்வையில் முழு வேலையிலும் மிக முக்கியமான கட்டம் இதுதான். இதற்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். இடுப்பு உயரத்தில் ஒரு மரச்சட்டம், அதன்மேல் சுமார் ஓர் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை, இவ்வளவு போதும். திறந்த வெளியில் அல்லது காற்றோட்டமுள்ள கொட்டகையில் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ரோமத்திலிருந்து எழும் புழுதியில் உலர்ந்த சாணமும் கலந்திருக்கும்.

சுருளை வலைமேல் வெட்டுமுகம் மேலே தெரியுமாறு விரித்தால் முதலில் கண்ணில் படுபவை இரண்டாம் வெட்டுத் துணுக்குகள். கத்தரிப்பான் ஒரே இடத்தில் இருமுறை ஓடும்போது விழும் இந்தச் சிறு துண்டுகள் ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாதவை. இவற்றை விட்டுவைத்தால், வாரும்போது சிறு சிறு உருண்டைகளாகி நூல் முழுவதும் முடிச்சு முடிச்சாகத் தெரியும். கையால் பொறுக்கியும் வலையைத் தட்டியும் உதிர்த்துவிட்டு, ரோமத்தைப் புரட்டிப்போட்டு, மேற்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வைக்கோல், விதைகள், ஒட்டுமுட்கள், காய்ந்த சாணம் ஆகியவற்றை எடுக்க வேண்டும். வைக்கோல் கழுவும்போது போய்விடும் என்று எண்ணுவது பொதுவான தவறு. நீரில் ஊறிய வைக்கோல் இன்னும் இறுக்கமாக இழையைப் பற்றிக்கொள்ளும். முள் அப்பிய ஒரு கைப்பிடியைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆகுமென்றால், அந்தக் கைப்பிடியையே கழித்துவிடுவது மேல்.

அடுத்தது ஓரங்கள். முதல் தரத்தின் விளிம்புகளில் வயிற்றை நோக்கிச் செல்லச் செல்ல முரட்டு மயிர்கள் கூடிக்கொண்டே போகும். கையை மென்மையான நடுப்பகுதியிலிருந்து ஓரத்தை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள்; தொடுவுணர்வு மாறும் இடம் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் பிரித்துவிட வேண்டும். கண்ணுக்கு ஒரேமாதிரி தெரிவதால் பலர் இங்கே தயங்குகிறார்கள். தயக்கம் வரும்போதெல்லாம் கழித்துவிடுவதே சரி என்பது என் தீர்மானம். இரண்டு கிலோவில் முந்நூறு கிராம் குறைந்தாலும் எஞ்சியது ஒரே தரமாக இருக்கும். ஒரு கைப்பிடி முரட்டு மயிர் உள்ளே போய்விட்டால் முழு ஆடையும் கழுத்தில் குத்தும்.

கழித்து முடித்ததும் இழையின் உறுதியைச் சோதியுங்கள். பென்சில் பருமனுள்ள ஒரு கற்றையை எடுத்து, இரு முனைகளையும் விரல்களால் பிடித்து, காதருகே வைத்துச் சுண்டி இழுங்கள். நல்ல இழை மணி நாதம்போல் ‘டங்’ என்று ஒலிக்கும். பலவீனமான இழையில் மெல்லிய நொறுங்கல் ஒலி கேட்கும், அல்லது கற்றை நடுவிலேயே அறுந்துவிடும். நோய், சினைக்காலம், தீவனக் குறைவு போன்றவற்றால் விலங்கு வாடிய நாட்களில் வளர்ந்த பகுதியில் இழை மெலிந்துபோவதே இதன் காரணம். நடுவில் அறும் இழை இயந்திரத்தில் வாரினால் துண்டு துண்டாகி வீணாகும். நுனி மட்டும் வெயிலில் வெளுத்து நொய்ந்திருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.

மென்மையை அளப்பது எப்படி

இழையின் பருமன் மைக்ரானில் அளக்கப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உலகின் அல்பாகாக்களில் பெரும்பகுதியைக் கொண்ட பெரு நாட்டின் தரப்பிரிவு பரவலாக வழங்குகிறது: 23 மைக்ரானும் அதற்குக் குறைவானதும் ‘பேபி’, 23.1 முதல் 26.5 வரை ‘ஃப்ளீஸ்’, 29 வரை ‘மீடியம் ஃப்ளீஸ்’, 31.5 வரை ‘உவாரிசோ’, அதற்கு மேல் முரட்டு ரகம். ‘பேபி அல்பாகா’ என்ற பெயரைக் கேட்டுக் குட்டியின் ரோமம் என்று எண்ண வேண்டாம். அது பருமனைக் குறிக்கும் பெயர். வளர்ந்த விலங்கின் முதுகிலிருந்தும் அந்தத் தரம் கிடைக்கக்கூடும். பெருவின் அரெகிபா நகரில் தேர்ந்த பெண்கள் இன்றும் கையால் தொட்டே ரோமத்தைத் தரம் பிரிக்கிறார்கள். அந்தத் தேர்ச்சிக்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்; நம்மைப் போன்றவர்கள் ஆய்வகத்தின் உதவியை நாடலாம்.

விலாவின் நடுவிலிருந்து ஒரு சிறு மாதிரியை, தோலை ஒட்டி வெட்டி அனுப்பினால், சராசரிப் பருமன், ஏற்ற இறக்கம், 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகளின் விழுக்காடு ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தருவார்கள். இந்த மூன்றாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அத்தகைய தடித்த இழைகள் சுமார் 5 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் துணி தோலில் குத்துவதாகப் பெரும்பாலோர் உணர்கிறார்கள். சராசரி நன்றாக இருந்தும் ஆடை குத்துகிறதென்றால் காரணம் இந்தச் சிறுபான்மைதான். ஆய்வகத்துக்கு வழியில்லாதவர்கள் ஒரு கற்றையைக் கழுத்தின் பக்கவாட்டில் சில நிமிடம் வைத்துப் பார்க்கலாம். உள்ளங்கையைவிடக் கழுத்து நேர்மையாகச் சொல்லும்.

பாதுகாத்தல்

உடனே கழுவவோ அனுப்பவோ முடியாதவர்கள் ரோமத்தைக் காற்று புகும் பையில் வைக்க வேண்டும். பருத்தித் தலையணை உறை, கெட்டியான காகிதப் பை ஆகியவை நீண்டகாலத்துக்கு ஏற்றவை. இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பையில் வெப்பம் ஏறி இறங்கும்போது உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். இருண்ட, உலர்ந்த, எலி நுழையாத இடமாக இருக்கட்டும். ரோமத்தை அழுத்தி அடைக்காதீர்கள்.

அந்துப்பூச்சியின் புழுக்கள் இழையிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்பவை. அழுக்குப் படிந்த ரோமத்தை அவை மேலும் விரும்பும். தேவதாரு மரத்துண்டும் லாவெண்டரும் ஓரளவு பூச்சியை விலக்கிவைக்கலாம். ஏற்கெனவே உள்ளே இட்ட முட்டைகளை அவை அழிப்பதில்லை. சந்தேகமிருந்தால் ரோமத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டு உறைபெட்டியில் -18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்திருங்கள். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. முன்னதாகத் திறந்தால் குளிர்ந்த ரோமத்தின்மேல் நீர்த்துளிகள் படியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லாப் பைகளையும் கையிலெடுத்து உதறிப் பார்க்கும் பழக்கம், நான் அறிந்த எந்த மருந்தையும்விடப் பயனுள்ளது.

யாரும் விரும்பாத மூட்டைகளாகக் கிடங்கில் கிடந்த அல்பாகா ரோமம்தான் ஒரு பெரும் தொழிலுக்கே வித்திட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1836-இல் லிவர்பூல் துறைமுகக் கிடங்கு ஒன்றில் ஆங்கிலேயத் தொழிலதிபர் டைட்டஸ் சால்ட் கண்டெடுத்த மூட்டைகளே, பிராட்ஃபோர்டில் அவர் நடத்திய அல்பாகா நூற்பாலைத் தொழிலுக்குத் தொடக்கம். நம் கொட்டகை மூட்டைகளுக்கும் அந்த வாய்ப்பு உண்டு, அவை கெடாமல் இருந்தால்.

கழுவுதல்

கொழுப்பு குறைவு என்பதால், நன்றாகக் கழித்த ரோமத்தைக் கழுவாமலேயே நூற்று, நூலான பிறகு கழுவுவோரும் உண்டு. கையால் சிறிதளவு நூற்பவருக்கு அது தவறான வழியல்ல. ஆனால் புழுதி மிகுந்த ரோமத்தை அப்படி நூற்றால், புழுதியை மூச்சில் இழுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கும். வாரும் இயந்திரத்தின் பற்களையும் மண் தேய்த்துவிடும். எனவே கழுவிவிட்டு நூற்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஒவ்வோர் இழையின் மேற்பரப்பிலும் நுண்ணிய செதில்கள் உள்ளன. ஈரமும் வெப்பமும் அசைவும் ஒன்றுசேரும்போது அச்செதில்கள் ஒன்றோடொன்று கொக்கியிட்டு, ரோமம் ஃபெல்ட் என்னும் கெட்டியான, பின்னிப்பிணைந்த அடையாகிவிடும். அதன்பின் அதைப் பிரிக்க முடியாது. அல்பாகாவின் செதில்கள் ஆட்டுக் கம்பளியினுடையவற்றைவிடத் தாழ்வானவை என்றாலும் இந்த ஆபத்திலிருந்து அது விலக்குப் பெற்றதல்ல. ஆகவே கழுவும் முறை முழுவதும் ஒரே எண்ணத்தைச் சுற்றி அமைகிறது: வெப்பம் இருக்கலாம், ஈரம் இருக்கலாம், அசைவு மட்டும் கூடாது.

சுமார் 200 கிராம் ரோமத்தைக் கொசுவலை போன்ற துணிப்பையில் தளர்வாக நிரப்பி, 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் வாளியில் உள்ள சாதாரணத் தண்ணீரில் இறக்குங்கள். கையால் மெல்ல அமுக்கி மூழ்கச் செய்து, அப்படியே ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். நீர் சேற்று நிறமாகும். பையைத் தூக்கி வடியவிட்டு, வேறு வாளியில் எடுத்துவைத்த புதிய நீரில் மீண்டும் இறக்க வேண்டும். குழாயை நேராக ரோமத்தின்மேல் திறந்துவிடுவது அசைவுதான். அதைத் தவிர்க்க வேண்டும். நீர் ஓரளவு தெளியும்வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால், அழுக்கின் பெரும்பகுதி சோப்பே இல்லாமல் போய்விடும். இந்த முதல் நீரில் மண்ணும் சாணத்தூளும்தான் இருக்கின்றன என்பதால் அதைச் செடிகளுக்கு ஊற்றலாம்.

அதன்பின் வெதுவெதுப்பைச் சற்றுச் சற்றாகக் கூட்டி, 45 முதல் 50 டிகிரி வெப்பமுள்ள நீரில் காரத்தன்மையற்ற சலவைத் திரவத்தை முதலில் கரைத்துவிட்டு, நுரை எழுப்பாமல் பையை இறக்கி 15 அல்லது 20 நிமிடம் ஊறவிடுங்கள். சாதாரணச் சலவைத்தூள் வேண்டாம். அதிலுள்ள காரமும், கறை நீக்குவதற்காகச் சேர்க்கும் புரதம் அரிக்கும் நொதிகளும் இழையையே அரித்துவிடும், ஏனெனில் இழையும் புரதம்தான். அலசும் நீரும் அதே அளவு வெப்பத்தோடு இருக்கட்டும். சோப்பு நீங்க இருமுறையாவது அலசி, கடைசி அலசலில் ஒரு கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் எஞ்சிய காரம் நீங்கி இழையின் பளபளப்பு கூடும்.

முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அழுத்தலாம்; துவைக்கும் இயந்திரத்தில் நீர் ஊற்றாமல், பிழியும் சுற்றை மட்டும் ஓடவிடலாம். பிறகு நிழலில், கீழிருந்தும் காற்று வரும்படி வலைமேல் மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். வெளிப்புறம் உலர்ந்ததாகத் தெரிந்த பின்னும் ஒருநாள் கூடுதலாக விட்டுவைப்பது நல்லது.

இதுவரை சொன்னது பஞ்சுபோல் பொங்கும், நெளிவுள்ள ஹுவாக்காயா வகைக்கு முழுமையாகப் பொருந்தும். சூரி வகையின் ரோமம் நெளிவின்றிப் பட்டுச் சுருள்களாகத் தொங்குவது. அதன் அழகே அந்தச் சுருள்களில் இருக்கிறது. அதைப் பையில் அள்ளிப்போடாமல், சுருள்களை ஒரே திசையில் வரிசையாக அடுக்கி வலைத்துணியில் மடித்துக் கழுவினால் அவை கலையாமல் நிற்கும்.

வாருதலும் நூற்றலும்

ஹுவாக்காயா ரோமத்தைக் கையால் விரித்து இலேசாக்கி, கம்பிப் பற்கள் பதித்த கார்டிங் பலகைகளிலோ உருளை இயந்திரத்திலோ வாரலாம். சூரிக்குச் சீப்பே பொருத்தமானது. உலர்ந்த காலத்தில் இழைகள் நிலைமின்சாரத்தால் ஒன்றையொன்று தள்ளிக் கையில் ஒட்டும். முந்தின நாள் நீரை மெல்லியதாகத் தெளித்து மூடிவைத்தால் இது அடங்கும். மெல்லிய இழையை அளவுக்குமீறி வாரினால் அதுவே முடிச்சுகளை உண்டாக்கும்.

அல்பாகா இழை வழுவழுப்பானது. ஆட்டுக் கம்பளியின் மீள்தன்மையும் அதற்கில்லை. நூற்கும்போது கம்பளிக்குத் தருவதைவிடச் சற்றுக் கூடுதல் முறுக்கு தேவை. மிகுந்துபோனால் நூல் கயிறுபோல் விறைத்துவிடும். முழுக்க அல்பாகாவால் பின்னிய கனத்த ஆடை தன் எடையாலேயே நாளடைவில் நீண்டு தொங்கும். 20 முதல் 30 விழுக்காடு வரை மென்மையான ஆட்டுக் கம்பளியைக் கலந்து வாரினால் ஆடை வடிவம் இழக்காது. சால்வைக்கு இந்தக் கலவை தேவையில்லை. தொங்கி விழும் இயல்பே அங்கு அழகு.

ஆலைக்கு அனுப்புவதென்றால், அனுப்பும் முன்னரே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர்களின் இயந்திரம் ஏற்கும் இழை நீளம் எவ்வளவு, குறைந்தபட்ச எடை எவ்வளவு, சூரியை எடுத்துக்கொள்வார்களா, முரட்டு மயிரை நீக்கும் இயந்திரம் இருக்கிறதா, எடையை எந்தக் கட்டத்தில் கணக்கிடுகிறார்கள். சிறு ஆலைகளில் பொதுவாக 7.5 முதல் 15 சென்டிமீட்டர் வரையுள்ள இழை நன்றாக ஓடும். கழுவும்போதும் வாரும்போதும் எடை குறையும் என்பதால், அனுப்பிய அளவு நூல் திரும்ப வராததைக் கண்டு திகைக்க வேண்டாம்.

கழித்துவிட்டவை

மூன்றாம் தரத்தையும் ஓரங்களையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. முரட்டு இழையைச் சணல் போன்ற உட்கயிற்றைச் சுற்றித் தடித்த நூலாக்கினால் உறுதியான தரைவிரிப்புகள் நெய்யலாம். கழுவிய குட்டை இழை ஃபெல்ட்டாக்கிச் செருப்பின் உள்தாளாகவோ தலையணையின் உள்ளடைப்பாகவோ பயன்படும். பறவைகள் கூடுகட்ட வெளியே வைப்பவர்கள் நீண்ட இழைகளை வைக்கக் கூடாது. அவை குஞ்சுகளின் கால்களில் சுற்றி இறுகிவிடும். விரல் நீளத்துக்கும் குறைவாக வெட்டி வைக்க வேண்டும்.

எதற்கும் உதவாத அழுக்குத் துணுக்குகள் மண்ணுக்குப் போகட்டும். நைட்ரஜனும் கந்தகமும் கொண்ட இந்த இழை மெதுவாகவே மட்கும். ஆகவே உரக்குழியில் மொத்தையாகக் கொட்டினால் நீர் புகாத அடையாகக் கிடந்துவிடும். நன்றாக நனைத்து, மெல்லிய அடுக்குகளாக இலைதழைகளுக்கு நடுவே பரப்ப வேண்டும். பூந்தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடி நனைத்துப் போட்டால் ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். மரக்கன்றைச் சுற்றி மூடாக்காக இடும்போது தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்பி, காற்றில் பறக்காதிருக்க மேலே சிறிது மண்ணை அள்ளிப்போட்டுவிடுங்கள்.